ஊர்க் கோரிக்கையை உரிய மேசைக்குக் கொண்டுபோவது எப்படி? நோட்டீஸ், மகஜர், வட்ஸ்அப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், கமக்காரர் அமைப்புகள், மீனவர் சங்கங்கள், இளைஞர் கழகங்கள் ஆகியவற்றுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. கணக்குகள் விளங்குவதற்காக ஒரே உதாரணத்தைப் பல இடங்களில் எடுத்திருக்கிறோம். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் அடுத்தடுத்து மூன்று கிராம உத்தியோகத்தர் பிரிவுகள், ஏறத்தாழ 600 வீடுகள். பின்னேரம் நகரத்திலிருந்து ஊருக்குத் திரும்ப பஸ் இல்லை. வேண்டியது மாலை 4.30க்கு ஒரு சேவை.

முதல் வேலை என்ன? நோட்டீஸ் அடிப்பதா, வட்ஸ்அப் குழு தொடங்குவதா?

இரண்டும் இல்லை. உங்கள் கோரிக்கைக்கு "ஆம்" என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அந்த ஆளின் பதவிப் பெயர் தெரியாமல் அடிக்கும் நோட்டீஸ், ஊருக்குள்ளேயே சுற்றிவிட்டு ஓய்ந்துவிடும்.

கோரிக்கையை ஒரே வசனத்தில் எழுதிப் பாருங்கள். யார், எதை, எந்தத் திகதிக்குள் செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். "எங்கள் பகுதியின் போக்குவரத்துப் பிரச்சினைக்குத் தீர்வு வேண்டும்" என்று எழுதினால் எந்த அதிகாரியும் "கவனத்தில் எடுத்துள்ளோம்" என்று பதில் போட்டுவிட்டுப் போகலாம். "டிப்போ முகாமையாளர், கிழமை நாட்களில் மாலை 4.30க்கு ஒரு பஸ்ஸை அடுத்த பாடசாலைத் தவணை தொடங்கும் முன் சேவையில் விட வேண்டும்" என்று எழுதினால் ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கை போதும். பஸ்ஸோடு தெருவிளக்கையும் மைதானத்தையும் சேர்த்தால் அது மூன்று அலுவலகங்களுக்குப் போகும். மூன்றுமே மற்றதைக் காட்டிக்கொண்டிருக்கும்.

யார் பொறுப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதிகம் பிழை விடும் இடம் இதுதான். ஊரில் எல்லாரும் முதலில் பிரதேச செயலகத்துக்கோ கச்சேரிக்கோ (மாவட்டச் செயலகத்துக்கோ) ஓடுகிறார்கள். அவை பல விடயங்களில் ஒருங்கிணைக்கும் இடங்களே தவிர, முடிவெடுக்கும் இடங்கள் அல்ல.

வீதி என்றால் அதன் வகையைப் பாருங்கள். கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் போகும் ஏ4 போன்ற ஏ, பி தரப் பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. அடுத்த தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடமும், உள்வீதிகள் பெரும்பாலும் பிரதேச சபை, நகர சபை அல்லது மாநகர சபையிடமும் இருக்கும். குப்பை, வடிகான், தெருவிளக்கு, பொதுச் சந்தை ஆகியவற்றுக்கும் உள்ளூராட்சி மன்றம்தான். குழாய்நீருக்குத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. சிறு குளங்களுக்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களம். பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ் வரும். யானை வேலிக்கு வனஜீவராசிகள் திணைக்களம். மணல் அகழ்வு அனுமதியைப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் கொடுக்கிறது.

பஸ்ஸில் இரண்டு கதவுகள் உண்டு. சிவப்பு பஸ் என்றால் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் டிப்போ. தனியார் பஸ் மாகாணத்துக்குள் ஓடுவதென்றால் வழித்தட அனுமதி மாகாணப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையிடம். எந்தக் கதவைத் தட்டுவது என்று முதலில் தீர்மானியுங்கள். மற்றதற்குப் பிரதி மட்டும் போகட்டும்.

சந்தேகம் இருந்தால் குறித்த அலுவலகத்துக்கு நேரில் போய் "இதைத் தீர்மானிப்பது நீங்களா, இல்லையென்றால் யார்?" என்று கேட்டு, சொன்னவரின் பதவியையும் திகதியையும் கொப்பியில் எழுதுங்கள்.

ஆதாரம் எவ்வளவு சேர்க்க வேண்டும்?

நோட்டீஸில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரம் கையில் இருக்க வேண்டும். பஸ் விடயத்தில் தரிப்பிடத்தில் இரண்டு கிழமை ஆள் வைத்து, பஸ் வந்த நேரம், ஏறியவர், இடமில்லாமல் நின்றவர் என மூன்று நிரல்களில் எழுதினாலே போதுமான தரவு கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமை, சந்தை நாள், போயா விடுமுறை ஆகியவற்றைத் தனியாகக் குறியுங்கள். இல்லையென்றால் "அது விசேட நாள்" என்று முழுக் கணக்கையும் தள்ளிவிடுவார்கள்.

அலுவலகத்திடம் உள்ள தகவலுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள்; ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற தீர்மானம் வர வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அங்கும் தீராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பம் கொடுத்ததற்கான ஒப்புகையை வாங்காமல் வந்தால், நாட்களைக் கணக்கிட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

ஆவணங்களைக் கேளுங்கள், அபிப்பிராயம் கேட்காதீர்கள். "ஏன் பஸ் விடவில்லை?" என்பதைவிட "இந்த வழித்தடத்துக்குக் கடந்த மூன்று மாதத்தில் இருந்த நேர அட்டவணையின் பிரதியும், சேவை நடந்த நாட்களின் பதிவும்" என்று கேட்பது பலன் தரும். சட்டம் ஆவணத்தைத்தான் தரச் சொல்கிறது.

எந்த மாதத்தில் தொடங்குவது நல்லது?

நவம்பர் தொடக்கம் ஜனவரி நடுப்பகுதி வரை மழையும் வெள்ளமும். வீடு வீடாகப் போவதும் முடியாது, போஸ்டரும் நிற்காது. வெள்ளத்தோடு தொடர்புடைய கோரிக்கை என்றால் அந்தக் காலத்தில் படமும் அளவும் எடுத்து வையுங்கள். இயக்கத்தைப் பிறகு தொடங்கலாம். பெரும்போக அறுவடை நேரத்தில் வயற்காரர்கள் வாடியில் இருப்பார்கள், வீட்டில் ஆள் பிடிக்க முடியாது. நோன்பு மாதத்தில் பின்னேரக் கூட்டம் வைக்காதீர்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் அந்தக் கிழமையை முழுதாக விட்டுவிடுங்கள்.

பணம் ஒதுக்க வேண்டிய கோரிக்கை என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. உள்ளூராட்சி மன்றங்களின் வரவு செலவுத் திட்டம் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது. அடுத்த ஆண்டுக்குரியது டிசம்பருக்குள் நிறைவேற வேண்டும். ஆகவே ஓகஸ்ட், செப்டம்பரில் உங்கள் மகஜர் (ஊரவர் கையெழுத்திட்ட மனு) மேசையில் இருக்க வேண்டும். டிசம்பரில் கொடுத்தால் இன்னும் ஒரு வருடம் போய்விடும்.

தேர்தல் அறிவித்து வேட்புமனுக் கோரப்பட்டால் அச்சு வேலையை நிறுத்தி வையுங்கள். அந்த நேரத்தில் ஒட்டும் எந்தத் தாளும் கட்சித் தாளாகவே பார்க்கப்படும்.

நோட்டீஸில் என்ன எழுதுவது?

ஏ5 அளவு, இரண்டு பக்கம், பக்கத்துக்கு 100 சொற்களுக்குள். முன்பக்கம் கோரிக்கையும் காரணமும். பின்பக்கம் வாசிப்பவர் செய்ய வேண்டியது என்ன, எங்கே, எப்போது. பலரும் மறப்பது பின்பக்கத்தைத்தான். பிரச்சினையை மட்டும் சொல்லும் நோட்டீஸை வாசித்தவர் "உண்மைதான்" என்று சொல்லி மடித்து வைத்துவிடுவார்.

ஒரு மாதிரி:

"பின்னேரம் 4.30க்கு ஊருக்கு ஒரு பஸ் வேண்டும். கிளினிக் போன தாய்மாரும் வகுப்புக்குப் போன பிள்ளைகளும் இன்று ஓட்டோவுக்குக் காசு கொடுத்து அல்லது நடந்து வருகிறார்கள். இரண்டு கிழமை எண்ணிப் பார்த்த கணக்கு இது: (உங்கள் எண்கள்). இந்தச் சேவையைத் தரக்கூடியவர் டிப்போ முகாமையாளர். அவரிடம் மகஜர் கொடுக்கப் போகிறோம். (திகதி) முதல் ஏழு பின்னேரம் உங்கள் வீட்டுக்கு வருவோம். 18 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் கையெழுத்திடலாம்."

யாரையும் திட்ட வேண்டாம். "ஊழல்", "களவு" போன்ற சொற்களை ஆவணம் இல்லாமல் அச்சில் போட்டால் பேச்சு முழுவதும் அந்தச் சொல்லைச் சுற்றியே போகும், பஸ் மறந்துபோகும். அவதூறு வழக்கு என்ற கதவும் திறக்கும். அடியில் வெளியிடும் சங்கத்தின் பெயரும் அச்சகத்தின் பெயரும் இருக்கட்டும். பெயரில்லாத தாளை யாரும் நம்புவதில்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு மை போதும். பச்சை, நீலம், சிவப்பு ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு கட்சி சொந்தக்காரனாக இருக்கிறது.

எத்தனை பிரதி? எந்த முறையில்?

600 வீடு என்றால் 700 நோட்டீஸ். மிகுதி 100 கடைகள், பள்ளிவாசல், கோயில், சேர்ச், கிராம உத்தியோகத்தர் அலுவலகம் ஆகியவற்றுக்கும் வீணாகும் தாளுக்கும். ஒரு ஏ4 தாளில் இரண்டு ஏ5 வருவதால் 350 தாள் போதும். ஒரு ரீமில் 500 தாள் இருக்கும். ஒரு ரீம் வாங்கினால் மகஜர் படிவத்துக்கும் தாள் மிஞ்சும்.

இருநூறு, முந்நூறு வரை போட்டோக்கொப்பி. அதற்கு மேல், ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேற்பட்டது வரை ரைசோ (ஸ்டென்சில் முறையில் பிரதி எடுக்கும் மெஷின்) மலிவு. ஓஃப்செட்டில் பிளேட் செலவு முதலிலேயே வந்துவிடும். அதனால் சில ஆயிரம் அடித்தால்தான் கட்டுப்படியாகும். விலை கேட்கும்போது தாளின் கனம், ஒரு பக்கமா இரு பக்கமா, எத்தனை நிறம் என்ற மூன்றையும் ஒரே மாதிரிச் சொல்லி இரண்டு அச்சகங்களில் கேளுங்கள். இரு பக்கம் அடிக்க 80 ஜிஎஸ்எம் தாள் எடுங்கள். அதைவிட மெல்லியதில் பின்பக்க எழுத்து முன்னே தெரியும்.

அச்சகத்தில் எழுத்து மாறிப் போகிறதே, ஏன்?

நீங்கள் போனில் தட்டுவது யூனிகோட். பல அச்சகங்களில் இன்னும் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் வேலை செய்கிறார்கள். யூனிகோடைப் பாமினிக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறலாம். ஸ்ரீ, க்ஷ, ஔ போன்றவை உடைந்துபோகும். வடிவமைப்பை நீங்களே செய்தால் எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். அச்சகத்தில் தட்டச்சுச் செய்வதானால் வட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பார்த்துச் சரி சொல்லாமல், தாளில் ஒரு பிரதி எடுத்து, எழுதியவர் அல்லாத இருவர் பென்சிலால் ஒவ்வொரு சொல்லாக அடித்து வாசிக்க வேண்டும். திகதியோடு கிழமையும், தொலைபேசி இலக்கமும், ஊர்ப் பெயரும் மூன்றாவது முறையும் பார்க்கப்பட வேண்டியவை. ஓர் ஊர்ப் பெயரைப் பிழையாக அடித்தால் அந்த ஊர் உங்களோடு நிற்காது.

போஸ்டரும் பெனரும் வேண்டுமா?

ஏ3 போஸ்டர் 25, 30 போதும். சுவரிலும் மின்கம்பத்திலும் ஒட்டாதீர்கள். அனுமதி பிரச்சினை ஒன்று, மழை மற்றது. பலசரக்குக் கடை, சலூன், கூட்டுறவுக் கடை, பார்மசி ஆகியவற்றின் உள்பக்கம், காசு கொடுக்கும் மேசைக்கு அருகே கேட்டு ஒட்டுங்கள். சனம் நின்று வாசிக்கும் இடம் அதுதான். பெனர் ஒன்று, மகஜர் கையளிக்கும் நாளில் படம் எடுக்க. அதில் எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். திகதி போடாவிட்டால் மறுபடியும் பாவிக்கலாம்.

வீடு வீடாகப் போவதை எப்படித் திட்டமிடுவது?

இருவர் இருவராக. ஒருவராவது பெண்ணாக இருந்தால் பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டிலும் வாசலில் நின்று பேசலாம். ஒரு வீட்டுக்கு எட்டு நிமிடம் என்று வைத்தால், இரண்டு மணித்தியாலத்தில் 15 வீடு. ஆறு சோடி என்றால் சோடிக்கு 100 வீடு. ஏழு பின்னேரம் பிடிக்கும். ஐந்து நாளில் முடிப்போம் என்று திட்டமிடும் குழுக்கள், கடைசி ஒழுங்கைகளில் தாளைக் கேற்றில் செருகிவிட்டு வந்துவிடும். அப்படிச் செருகிய தாள் கையெழுத்தாக மாறுவது மிக அரிது.

வீதி வரைபடத்தைக் கையால் வரைந்து சோடிகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று குறிகளில் ஒன்று: ஆதரவு, யோசிக்கிறார், ஆளில்லை. ஆளில்லாத வீடுகளுக்கு ஞாயிறு காலை இரண்டாம் முறை. வீட்டில் சொல்ல வேண்டியதை முதல் நாள் ஒருவருக்கொருவர் பேசிப் பழகுங்கள். முதலில் கேள்வி, பிறகு நோட்டீஸ். "பின்னேரம் டவுணிலிருந்து எப்படி வாறீங்க?" என்று கேட்டால் அவர்களே பாதிக் கதையைச் சொல்லிவிடுவார்கள்.

மகஜரை எப்படித் தயாரிப்பது?

ஒவ்வொரு கையெழுத்துத் தாளின் தலைப்பிலும் முழுக் கோரிக்கையும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். வெறும் கோடு போட்ட தாளில் வாங்கிய கையெழுத்தை "இது வேறெதற்கோ வாங்கியது" என்று எவரும் சொல்லலாம். ஒரு தாளில் 20 வரி. இலக்கம், பெயர், ஊர், கையெழுத்து ஆகிய நான்கு நிரல் போதும். அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் இதில் வேண்டாம். இந்தத் தாள் எத்தனை கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. தொலைபேசி தர விரும்புவோருக்குத் தனிக் கொப்பி வையுங்கள்.

ஒருவர் வீட்டார் எல்லாருக்கும் சேர்த்துத் தானே போடும் கையெழுத்தை வாங்காதீர்கள். ஒரே கையெழுத்தில் பத்துப் பெயர் தெரிந்தால் மற்ற நூறும் சந்தேகத்துக்குள்ளாகும். எழுதத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் வைக்கலாம்; அருகில் சாட்சியின் பெயர் இருக்கட்டும்.

தாள்களுக்கு இலக்கமிட்டு, கையளிக்கும் முன் ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். முகப்புக் கடிதம் ஒரு பக்கம் மட்டும்: கோரிக்கை, தரவு, கையெழுத்து எண்ணிக்கை, பதில் எதிர்பார்க்கும் திகதி. உங்கள் பிரதியில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள். நேரில் கொடுக்க முடியாவிட்டால் பதிவுத் தபால். துண்டைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

வட்ஸ்அப் குழுவில் எல்லாரையும் சேர்த்துவிடலாமா?

சேர்க்காதீர்கள். சாதாரணக் குழுவில் எல்லாருடைய இலக்கமும் எல்லாருக்கும் தெரியும். இதனால் பல பெண்கள் மெதுவாக வெளியேறிவிடுவார்கள். சம்மதம் கேட்காமல் சேர்ப்பதும் மரியாதை இல்லை. மூன்று மட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும் 12, 15 பேருக்கு ஒரு குழு. அங்கே மட்டும் பேச்சு. ஊருக்கு அறிவிக்க ஒரு சேனல். அதில் பின்தொடர்பவர்களின் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது. சேனலுக்கு வராத மூத்தவர்களுக்கு, ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் புரோட்காஸ்ட் பட்டியல், ஒன்றில் 256 பேர் வரை. ஆனால் உங்கள் இலக்கத்தைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே வீட்டுக்குப் போகும்போதே "இந்த நம்பரை இந்தப் பெயரில் போட்டு வையுங்க" என்று சொல்லிச் சேமிக்க வைப்பதும் சோடிகளின் வேலை.

கிழமைக்கு இரண்டு செய்திக்கு மேல் வேண்டாம். படத்தில் மட்டும் எழுதி அனுப்பாமல், அதே விடயத்தை எழுத்தாகவும் கீழே போடுங்கள். பிறகு தேடி எடுக்கலாம், பார்வை குறைந்தவரின் போன் வாசித்துக் காட்டும். ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாது, பலமுறை கைமாறியதை ஒரு இடத்துக்கே அனுப்பலாம். அதனால் செய்தி ஊரெங்கும் தானாகப் பரவும் என்று இருந்துவிடாமல், எந்த ஒழுங்கைக்கு யார் அனுப்புவது என்று பெயர் குறித்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

குரல் பதிவு இங்கே மிக நன்றாக வேலை செய்கிறது. 45 விநாடிக்குள், ஊர்ப் பேச்சில், சனத்துக்குத் தெரிந்த ஒருவரின் குரலில். செய்தி வாசிப்பது போன்ற தமிழ் வேண்டாம்.

பேஸ்புக்?

ஊரை ஒன்றுசேர்க்க வட்ஸ்அப், வெளியே காட்ட பேஸ்புக். பிரதேச நிருபர்களும் வெளிநாட்டில் உள்ள ஊரவர்களும் அதிகாரிகளும் பார்ப்பது அதைத்தான். தனிநபர் கணக்கில் அல்லாமல் பக்கம் ஒன்றைத் தொடங்கி இரண்டு பேரை நிர்வாகிகளாக வைத்து, இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியும் கேட்பது) போட்டுவிடுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படம் போட வேண்டாம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகளைப் பற்றிப் பேசுவதால், கையில் ஆவணம் உள்ளதை மட்டும் எழுதுங்கள். பின்னூட்டங்களைக் காலையும் இரவும் ஒருவர் பார்க்க வேண்டும். ஒரு சமூகத்தைத் தாக்கும் பின்னூட்டம் உங்கள் பக்கத்தில் ஓர் இரவு கிடந்தால் அது உங்கள் கருத்தாகவே பேசப்படும்.

நோட்டீஸில் கியூஆர் குறி போடலாமா?

போடலாம், குறைந்தது 2 சென்டிமீற்றர் சதுரம், சுற்றிலும் வெள்ளை இடம். அச்சடித்த தாளிலிருந்து இரண்டு பழைய போன்களில் பரீட்சித்துப் பாருங்கள். இலவசத் தளங்கள் தரும் சில குறிகள் சில நாட்களில் காலாவதியாகும். இணைப்பை நேரடியாகக் கொண்ட நிலையான குறியையே எடுங்கள். குறிக்குப் பக்கத்தில் தொலைபேசி இலக்கமும் இருக்கட்டும்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு?

குறுஞ்செய்தி. தமிழில் ஒரு செய்திக்கு 70 எழுத்துக் குறிதான் இடம். ஆங்கில எழுத்தில் 160. "கா" என்பது இரண்டு குறியாகவும் "கொ" இரண்டாகவும் கணக்காகும் என்பதால் நினைத்ததைவிடச் சீக்கிரம் நிரம்பிவிடும். மிஞ்சினால் இரண்டு செய்திக்குக் காசு போகும். "நாளை 4 மணி, நூலகம். பஸ் மகஜர். வாங்க." இவ்வளவுதான் தேவை.

தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இடத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

காரைதீவும் மாளிகைக்காடும், ஆரையம்பதியும் காத்தான்குடியும் போல் ஊர்கள் ஒட்டியிருக்கும் இடத்தில், குழு உருவாகும் முதல் நாளே இரு பக்கமும் மேசையில் இருக்க வேண்டும். கோரிக்கையை ஒரு பக்கம் எழுதி முடித்துவிட்டு மறுபக்கத்திடம் கையெழுத்து மட்டும் கேட்டால் அது அழைப்பாகத் தெரியாது. கோயில் நிர்வாகத்துக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் ஒரே நாளில் அறிவியுங்கள். கூட்டம் பாடசாலையிலோ நூலகத்திலோ நடக்கட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தையும் மஃரிப் தொழுகை நேரத்தையும் தவிருங்கள். ஊர்வலம் இருந்தால் பொலிஸுக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும்; ஒலிபெருக்கிக்கு அனுமதி பெற வேண்டும். பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம்.

அரசியல்வாதி ஒருவர் "நான் முடித்துத் தருகிறேன்" என்கிறார். என்ன செய்வது?

ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் எழுத்தில். பிரதேச அல்லது மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் விடயத்தை எடுத்து, கூட்டக் குறிப்பில் பதியச் செய்வது அவரால் முடிந்த பெறுமதியான உதவி. நோட்டீஸில் அவர் படம் வேண்டாம். எல்லாக் கட்சிப் பிரதிநிதிகளுக்கும் ஒரே கடிதத்தின் பிரதி ஒரே நாளில் போகட்டும்.

எந்த மொழியில் எழுதுவது?

தமிழில். வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் எழுதியதற்குத் தமிழில் பதில் பெறும் உரிமை உண்டு. ஆனால் அம்பாறைக் கச்சேரிக்கோ கொழும்புத் தலைமையகத்துக்கோ போகும் பிரதியோடு ஒரு பக்கச் சிங்கள மொழிபெயர்ப்பை இணைத்தால், மொழிபெயர்ப்புக்காகக் கோவை காத்திருக்கும் நாட்கள் குறையும். இரண்டு மொழியும் நன்கு தெரிந்தவர் ஒருவர் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

மகஜர் கொடுத்தாயிற்று. பதிலே இல்லை.

கையளித்த படமும் செய்தியும் வந்ததும் பல குழுக்கள் கலைந்துவிடுகின்றன. உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது. 14ஆம் நாள் முத்திரையிட்ட பிரதியோடு இருவர் நேரில் போய்க் கோவை இலக்கத்தைக் கேளுங்கள். ஒரு மாதத்தில் நினைவூட்டற் கடிதம், மேலதிகாரிக்குப் பிரதியோடு. அதன் பிறகு "எமது மகஜர் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைகளின் குறிப்புகளின் பிரதி" என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். கோவை எந்த மேசையில் நிற்கிறது என்பது அப்போது தெரியவரும். ஒவ்வொரு படியையும் அன்றே சேனலில் இரண்டு வரியில் போடுங்கள். கையெழுத்திட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லாவிட்டால் அடுத்த முறை கேற்றைத் திறக்க மாட்டார்கள்.

சம்மதித்துவிட்டார்கள். முடிந்ததா?

எழுத்தில் வாங்குங்கள்: வழித்தடம், நேரம், நாட்கள், தொடங்கும் திகதி. பிறகு பழைய மூன்று நிரல் கொப்பியை மீண்டும் எடுத்து மூன்று மாதம் தரிப்பிடத்தில் பதியுங்கள். ஆட்கள் ஏறாத சேவையை டிப்போ நிறுத்திவிடும் என்பதால், முதல் மாதம் சனம் அந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்பதையும் நோட்டீஸாக அடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும்; மகஜர் படிவத்துக்குப் போக மிஞ்சிய தாளை இதற்கு எடுக்கலாம். உதவிய அதிகாரிக்கு நன்றிக் கடிதம் ஒன்று, அவருடைய மேலதிகாரிக்குப் பிரதியோடு. தொலைபேசிக் கொப்பியில் உள்ளவர்களிடம் தொடர்ந்து வைத்திருக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றவர்களின் இலக்கத்தைக் கொப்பியிலிருந்தும் போன்களிலிருந்தும் அழித்துவிடுங்கள்.